மேற்கே சரியும் ஊர்: பீடோர்ச் சிறார்க்கு நிலப்படமும் காடும்

பீடோர் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி மாணவர்க்குத் திசைப் பெயர்களைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது, இரண்டாம் ஆண்டில் படிக்கும் மாணவி ஒருத்தி ஒரு கேள்வியால் எங்களை நிறுத்தினாள். மேற்கு என்னும் சொல் 'மேல்' என்பதிலிருந்தும் கிழக்கு என்னும் சொல் 'கீழ்' என்பதிலிருந்தும் பிறந்தவை என்று பலகையில் எழுதியிருந்தோம். "டீச்சர், மலை இந்தப் பக்கம்தானே இருக்கு? அப்படின்னா இதுதானே மேற்கு?" என்று அவள் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். அவள் காட்டிய பக்கத்தில் தித்திவாங்சா மலைத்தொடர் நின்றது. அன்று காலை கதிரவன் எழுந்ததும் அதன் பின்னாலிருந்துதான்.

சொல்லின்படி அவள் கூறியது சரி. நிலத்தின்படி நாங்கள் கூறியது சரி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள முரண்பாட்டை வகுப்பறைக்குள் அமர்ந்தவாறு தீர்க்க இயலாது. வெளியே சென்று, நின்று, பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். இக்கட்டுரையின் பொருள் அதுவே. ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறார்க்கு, மரங்களுக்கிடையே நடக்கச் செய்து நிலப்படத்தையும் இயற்கையையும் ஒருசேரக் கற்பிப்பது எவ்வாறு என்பதை, இவ்வூரில் நாங்கள் கண்ட அளவில் இங்கே விளக்க முயல்கிறோம்.

முதலில் அச்சிறுமியின் கேள்விக்கு விடை கூறிவிடுவோம். தமிழகத்தின் மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை உயர்ந்து நிற்கிறது. நிலம் அங்கிருந்து கிழக்கே கடலை நோக்கித் தாழ்கிறது. காவிரியும் வைகையும் பொருநையும் அச்சரிவைப் பின்பற்றியே ஓடுகின்றன. ஆகவே உயர்ந்த பக்கம் மேற்கு ஆயிற்று, தாழ்ந்த பக்கம் கிழக்கு ஆயிற்று. மொழி, தான் பிறந்த நிலத்தின் படத்தைத் தன் சொற்களுக்குள் மடித்து வைத்திருக்கிறது. மலையாளத்தைப் பாருங்கள். கேரளத்தில் மலை கிழக்கே, கடல் மேற்கே. பீடோரில் உள்ளது போன்ற நிலைதான். அங்குக் கிழக்கு என்னும் பழைய சொல் நிலைத்துவிட்டது. ஆனால் மேற்குத் திசைக்குக் கதிரவன் மறையும் பக்கம் என்று பொருள்படும் 'படிஞ்ஞாறு' என்னும் சொல் வழங்குகிறது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட கால்டுவெல், இச்சொற்களை வைத்தே மலையாளம் பேசுவோரின் முன்னோர் மலைக்குக் கிழக்கேயிருந்து வந்தவர்கள் என்று வாதிட்டார். நம் தோட்டங்களில் தமிழரோடு மலையாளிகளும் பணியாற்றினர். இருவர் மொழியிலும் இருந்த இந்த வேறுபாட்டை அன்று யாரேனும் வேடிக்கையாகவாவது பேசியிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

மலாய் மொழியோ ஆற்றைக் கொண்டு நிலத்தை அளந்தது. 'ஊலு' என்றால் ஆற்றின் மேற்பகுதி. 'ஹிலிர்' என்றால் கீழ்ப்பகுதி. 'கோல' என்றால் ஆறு கடலோடோ வேறோர் ஆற்றோடோ கூடும் முகம். ஊலு பேரா, ஹிலிர் பேரா, கோலகங்சார் என நம் மாநிலத்தின் ஊர்ப்பெயர்களே ஒரு நிலப்படம்தான். பீடோர் ஆறு கிழக்கே மலையில் தோன்றி மேற்கே தெலுக் இந்தான் பக்கமாக ஓடிப் பேரா ஆற்று நீரோடு கலக்கிறது. ஆதலால் இவ்வூரில் மேற்கே செல்பவன் இறங்குகிறான். இதைச் சிறார்க்கு ஒருமுறை ஆற்றங்கரையில் நிறுத்திக் காட்டினால் போதும். மிதந்து செல்லும் ஒரு காய்ந்த இலை, நாம் பத்து முறை எழுதிப் போடுவதைத் தானே சொல்லிவிடும்.

இவ்வூர்ச் சிறார்க்கு இப்பயிற்சி இப்போது ஏன் தேவைப்படுகிறது? அவர்களுடைய பாட்டன் பாட்டியர்க்கு இது தேவைப்படவில்லை. 1877ஆம் ஆண்டில் பேராவின் ஆங்கிலேய ஆட்சியாளராயிருந்த ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அதற்குப் பின் வந்த தலைமுறைகளில் பேராவின் அடிவாரம் முழுதும் ரப்பர் நிரைகளாயிற்று. தோட்டத்து மனிதர் எழுதப் படிக்கத் தெரியாதவராயினும் தம் தோட்டத்தின் நிலப்படத்தை மனத்தில் வைத்திருந்தார். விடியும் முன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, இருட்டிலேயே தம் வெட்டுக்காட்டை அடைந்து, எந்த நிரையில் எந்த மரத்தில் முதல் நாள் விட்டாரோ அங்கேயே உளியை வைப்பார். எந்த அலூரைத் தாண்டினால் அடுத்த தண்டலின் பகுதி, எந்த மேட்டில் நின்றால் ஆலைச் சங்கு கேட்கும், எந்த இறக்கத்தில் மழைக்காலத்தில் நீர் நிற்கும் என்பவை அவர் அறிந்தவை. ஆயக்கொட்டகையில் பிள்ளையை விட்டுச் சென்ற தாய்க்கும் அப்படியே. நட்ட ஆண்டையே காட்டின் பெயராக வழங்கியதால், அந்நிலப்படத்தில் காலமும் சேர்ந்திருந்தது.

ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயத்து மக்கள் ஊர்ப்புறத் தாமான்களுக்கு இடம்பெயர்ந்தனர். இன்று பள்ளி வேனில் ஏறும் பிள்ளை, இறங்கும்போது பள்ளி வாயிலைக் காண்கிறது. இடைப்பட்ட வழி அதற்குத் தெரியாது. எங்களிடம் வந்த நான்காம் ஆண்டு மாணவர்களை, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொன்னோம். பலர் வீட்டை ஒரு மூலையிலும் பள்ளியை மறு மூலையிலும் வரைந்து இரண்டையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்தனர். ஒருவன் கோட்டின் நடுவில் வேனை மட்டும் மிக அழகாக வரைந்திருந்தான்.

பாடத்திட்டத்திலும் ஓர் இடைவெளி உண்டு. முன்பு தொடக்கப்பள்ளியின் மேல்நிலை ஆண்டுகளில் 'உள்ளூர் ஆய்வு' என்றொரு பாடம் இருந்தது. பள்ளிச் சூழல், ஊர், மாவட்டம் என்று அது விரிந்தது. 2014ஆம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டில் அதன் இடத்தில் வரலாறு வந்தது. வரலாறு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆனால் முறையான புவியியல் இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்தில்தான் தொடங்குகிறது. அங்கே அதனை மலாய் மொழியில் கற்கிறார்கள். ஆக, சமவுயரக்கோடு, அளவுத்திட்டம், நீர்பிரிமேடு, கிளையாறு என்னும் தமிழ்ச் சொற்களைத் தமிழ்ப்பிள்ளை தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் சொல்லிப் பார்க்க வேண்டுமாயின், அது தமிழ்ப்பள்ளியின் ஆறு ஆண்டுகளுக்குள்தான் நிகழ வேண்டும். மொழியைக் காக்கும் பணியிலுள்ளோர் இலக்கணத்துக்கும் இலக்கியத்துக்கும் கொடுக்கும் அக்கறையில் சிறு பங்கை இச்சொற்களுக்கும் கொடுக்கலாம்.

இவ்வளவு சிறிய வயதில் நிலப்படம் புரியுமா என்னும் ஐயம் ஆசிரியர்களிடையே உண்டு. அதற்குக் காரணம் சுவிட்சர்லாந்து அறிஞர் பியாசே. அவரும் இன்கெல்டரும் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சிறார்க்கு மூன்று மலைகளின் மாதிரி ஒன்றைக் காட்டி, எதிர்ப்பக்கம் அமர்ந்திருக்கும் பொம்மைக்கு அது எவ்வாறு தோன்றும் என்று வினவினர். சிறு பிள்ளைகள் தமக்குத் தோன்றிய காட்சியையே பொம்மைக்கும் உரியதாகக் காட்டினர். இதனைக் கொண்டு, மேலிருந்து பார்க்கும் பார்வை சிறு வயதில் கைகூடாது என்று பலர் முடிவு செய்தனர். பின்னர் 1970ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கப் புவியியலாளர் பிளாட்டும் அவருடைய உடன் ஆய்வாளர்களும், பள்ளியில் சேரும் பருவத்துப் பிள்ளைகள் வானிலிருந்து எடுத்த ஒளிப்படத்தில் வீட்டையும் சாலையையும் அடையாளம் காண்பதைக் காட்டினர். 1987ஆம் ஆண்டில் தெலோச் என்னும் உளவியலாளர் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. ஓர் அறையின் சிறு மாதிரியில் பொம்மையை ஒளித்துக் காட்டிவிட்டு, உண்மையான அறையில் அதற்கு இணையான பொம்மையைத் தேடச் சொன்னார். மூன்று வயதுப் பிள்ளைகள் கண்டுபிடித்தனர். இரண்டரை வயதுப் பிள்ளைகளால் இயலவில்லை. ஒன்று மற்றொன்றைக் குறிக்கும் என்னும் அறிவு மூன்று வயதிலேயே முளைத்துவிடுகிறது என்றால், ஏழு வயதில் அதற்கு நீர் ஊற்றத் தயங்க வேண்டியதில்லை.

தமிழ் மண்ணில் இதற்கொரு முன்னோடி உண்டு. மரியா மாண்டிசோரி 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போர் மூண்ட காரணத்தால் இத்தாலியரான அவர் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் ஏறத்தாழ ஈராண்டு கொடைக்கானலில் வாழ்ந்தார். அம்மலையூரின் செடி கொடிகளையும் ஓடைகளையும் பூச்சிகளையும் சூழலாகக் கொண்டுதான் அவரும் மகன் மரியோவும், ஆறு வயதுக்கு மேற்பட்ட சிறார்க்கு இயற்கையை ஒன்றோடொன்று தொடர்புடைய முழுமையாகக் கற்பிக்கும் முறையை விரிவாக உருவாக்கினர். தட்டில் மண்ணைக் குவித்துத் தீவு செய்வதும், அதே வடிவில் பள்ளம் செய்து நீர் ஊற்றி ஏரி ஆக்குவதும் மாண்டிசோரி வகுப்புகளில் இன்றும் நடப்பவை. டென்மார்க்கில் 1950களில் எல்லா பிளாட்டாவ் என்னும் பெண்மணி தொடங்கிய காட்டு மழலையர் பள்ளியைப் பலரும் புகழ்கின்றனர். புகழத் தக்கதே. ஆயினும் அங்குள்ள காடு அகன்ற நடைவெளியும் தொலைவுப் பார்வையும் உடையது. நம் மழைக்காட்டில் பத்தடிக்கு அப்பால் நிற்கும் பிள்ளை கண்ணுக்குத் தெரியாது. அம்முறையை இங்கே அப்படியே பெயர்த்து நடுவது அறிவுடைமை ஆகாது. நமக்குப் பொருத்தமான முதல் காடு, எஞ்சியிருக்கும் ரப்பர்த் தோப்புதான்.

நாங்கள் பின்பற்றும் முறை வகுப்பறை மேசையில் தொடங்குகிறது. தீப்பெட்டி, அழிப்பான், புத்தகம் ஆகியவற்றை மேசைமேல் பரப்பி, பிள்ளைகளை நாற்காலிமேல் ஏற்றி மேலிருந்து பார்த்து வரையச் செய்கிறோம். அடுத்து வகுப்பறை, அதன்பின் பள்ளி வளாகம். இவை எல்லோரும் அறிந்தவை, விரித்துரைக்க வேண்டியதில்லை. வளாகத்தில் திசை காணும் பயிற்சியைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் நாம் பாடநூலிலிருந்து ஒப்பிக்கும் சில செய்திகள் பீடோரில் பொய்த்துப் போகின்றன.

திடலில் ஒரு முழ உயரக் கம்பை நட்டு, நிழலின் நுனியில் கல் வையுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் வையுங்கள். முதல் கல்லிலிருந்து இரண்டாவது கல்லை நோக்கிய கோடு ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்காக அமையும். இது எங்கும் பொருந்தும். ஆனால் 'நண்பகல் நிழல் வடக்கே விழும்' என்று மனனம் செய்தவர் இங்கே ஏமாறுவர். பீடோர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நான்கு பாகை அளவில்தான் இருக்கிறது. மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் கதிரவன் தலைக்கு நேர்மேலே வருகிறான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சி நிழல் தெற்கே விழுகிறது. உச்சி வேளையும் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. 1982ஆம் ஆண்டு தொடங்கியபோது தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. இப்போது நாம் பின்பற்றுவது நமக்கு வெகு கிழக்கே உள்ள 120ஆம் பாகைத் தீர்க்கரேகையின் நேரம். ஆதலால் இவ்வூரில் நிழல் மிகக் குறுகுவது ஏறத்தாழ 1.15 மணிக்கு. இதனைப் பிள்ளைகள் தாமே கற்களை வைத்துக் கண்டறியும்போது, அச்சிட்ட நூலையும் சோதிக்கலாம் என்னும் துணிவு அவர்களுக்கு உண்டாகிறது. ஆசிரியர்க்கு அது சில வேளைகளில் தொல்லையாகவும் முடியும். அதனைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி ரப்பர்த் தோப்பு. மரங்களால் கோடிட்ட கட்டத்தாள் என்றே அதனைக் கூறலாம். 'மூன்றாம் நிரை, ஏழாவது மரம்' என்று சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மரத்தின் அடியில் வந்து நிற்பர். வரைபடத்தில் ஓர் இடத்தை இரண்டு எண்களால் குறிப்பது என்னும் கருத்தை இதைவிட எளிதாகக் கற்பிக்கும் கருவியை நாங்கள் கண்டதில்லை. செம்பனைத் தோட்டமும் உதவும். அங்கே மரங்கள் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடப்பட்டிருக்கும். அளவுத்திட்டத்துக்கு அது நல்ல அடிப்படை: ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் உள்ள இடைவெளியைத் தாளில் ஒரு விரற்கடை என்று கொண்டால், பத்து மரத் தொலைவு தானாகவே வந்துவிடும். ஆயினும் விழுந்த மட்டைகளின் முள்ளும், எலியை நாடி வரும் பாம்பும் அங்கே மிகுதி. சிறு பிள்ளைகளைச் செம்பனைக்குள் அழைத்துச் செல்வதை நாங்கள் தவிர்க்கிறோம். பாதை ஓரத்தில் நின்று எண்ணுவதோடு சரி.

தொலைவை அளக்கத் தமிழில் ஏற்கெனவே அருமையான அளவைகள் உள்ளன. சாண், முழம், தப்படி ஆகியவை உடம்பிலேயே இருப்பவை. பிள்ளைகள் ஒவ்வொருவரும் இருபது மீட்டர்க் கயிற்றை ஒட்டி நடந்து, அதில் தமக்கு எத்தனை தப்படி என்று கண்டு நோட்டில் குறித்துக்கொள்கின்றனர். அதன்பின் கயிறு தேவையில்லை. இவ்விடத்தில் லாம்டனின் கதையைச் சொல்வது எங்கள் வழக்கம். 1802ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்து, அதன்மேல் முக்கோணங்களை அடுக்கி இந்தியா முழுவதையும் அளக்கும் பணியை அவர் தொடங்கினார். உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரம் கணக்கிடப்பட்டதும் அந்த அளவையின் தொடர்ச்சியாகத்தான். தமிழ் நிலத்தில் போட்ட ஒரு கோட்டிலிருந்து இமயம் அளக்கப்பட்டது என்று கேட்டவுடன், தம் கையிலுள்ள முடிச்சுக் கயிற்றைப் பிள்ளைகள் சற்று மரியாதையோடு பார்க்கிறார்கள்.

சமவுயரக்கோடு என்பது இடைநிலைப்பள்ளி மாணவரையே திணறச் செய்யும் பகுதி. தாளில் அது புழு நெளிந்தது போலத் தோன்றும். ஆனால் குன்றுச் சரிவில் நட்ட ரப்பர்க் காட்டில் அக்கோட்டைக் காலால் தொடலாம். மண் அரிப்பைத் தடுக்கச் சரிவைச் சுற்றிப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் மரத்தை நட்டிருப்பார்கள். ஒரு படியின் வழியே நடந்தால் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். குன்றைச் சுற்றிக்கொண்டு அதே உயரத்திலேயே செல்வோம். அதுதான் சமவுயரக்கோடு. மூன்று பிள்ளைகளை மூன்று படிகளில் நடக்கவிட்டு, மற்றவர்களை எதிர் மேட்டில் நிறுத்திப் பார்க்கச் செய்தோம். படிகள் நெருங்கியுள்ள இடத்தில் சரிவு கடிது, விலகியுள்ள இடத்தில் சரிவு மெலிது என்பதை நாங்கள் சொல்லவில்லை. எதிர் மேட்டிலிருந்த ஒரு மாணவி சொன்னாள்.

எங்கள் முயற்சியில் நேர்ந்த ஒரு பிழையையும் மறைக்காமல் கூற வேண்டும். ஒருமுறை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒரு தோப்பில் குறித்த ஐந்து இடங்களைக் கண்டுவருமாறு அனுப்பினோம். கையில் கொடுத்த படம் எங்களுள் ஒருவர் தம் இளமை நினைவிலிருந்து வரைந்தது. நாங்கள் முன்னதாகச் சென்று பார்த்தது நுழைவாயில் பக்கத்தை மட்டுமே. தோப்பின் பின்பகுதியில் மரங்களை வெட்டி இளஞ்செம்பனை நட்டிருந்ததை அறியவில்லை. அலூரைச் சென்றடையும் என்று படம் காட்டிய ஒற்றையடிப் பாதை லாலாங் புல்லுக்குள் மறைந்துவிட்டிருந்தது. இரு சிறுவர் படத்தை நம்பி மேலும் நடந்தனர். எண்ணிக்கையில் இருவர் குறைவது தெரிந்து, அவர்களைக் கண்டடையும் வரை இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. வழி தவறினால் நடக்காதே, நின்ற இடத்திலேயே இருந்து குரல் கொடு என்று முன்னரே சொல்லியிருந்ததை அவர்கள் நினைவில் வைத்திருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. தீங்கு ஏதும் நேரவில்லை. ஆயினும் அவ்விருவருள் ஒருவனை அவன் தாயார் அதன்பின் எங்களோடு அனுப்பவில்லை. அவரைக் குறை கூற எங்களுக்கு வாயில்லை.

அதற்குப் பின் எங்கள் நடைமுறை மாறியது. நாங்கள் தரும் ஒவ்வொரு படத்திலும் வரைந்த நாளை எழுதுகிறோம். நாள் எழுதாத படத்தைப் பிள்ளைகள் வாங்க மறுக்கலாம் என்பது விதி. முதல் வாரம் ஆசிரியர்கள் மட்டும் சென்று முழு வழியையும் நடக்கிறோம். எல்லையைக் 'கூப்பிடு தூரம்' என்னும் பழந்தமிழ் அளவையால் வகுக்கிறோம். இது நூலேணி போல் மாறாத நீளமுடையது அன்று. வெட்ட வெளியில் அது நெடுந்தொலைவு செல்லும். ரப்பர்த் தோப்பில் குறையும். மூங்கிற் புதரும் ஓடை இரைச்சலும் சேர்ந்த இடத்தில் சில தப்படிகளாகச் சுருங்கிவிடும். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் முதலில் செய்வது, ஒருவரை நடக்கவிட்டுக் குரல் கொடுத்து, மறுகுரல் கேட்காத இடத்தில் சிவப்புத் துணி கட்டுவது. நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் கிடைக்காத நாளில் போவதில்லை.

காட்டு விளிம்புக்கு மூத்த மாணவரை மட்டும், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, உரிய அனுமதி பெற்று அழைத்துச் செல்கிறோம். அங்கே சென்றதும் நிரை மறைந்துவிடுகிறது. எண்ணிப் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஓடை எப்பக்கம் ஓடுகிறது, சரிவு எப்பக்கம் இறங்குகிறது என்பவை மட்டுமே துணை. பீடோர் மலைக்காடு பெரியவர்களையே திணற வைத்தது. 1943ஆம் ஆண்டின் இறுதியில், சப்பானியர் ஆட்சிக் காலத்தில், பீடோருக்கு மேலுள்ள மலையில் பிளாந்தான் என்னும் மறைவிடத்தில் 136ஆம் படைப்பிரிவினர் தங்கியிருந்தனர். அவர்களுள் ஒருவராகிய ஸ்பென்சர் சாப்மன் துருவப் பகுதியிலும் இமயத்திலும் பயணம் செய்து பழகியவர். அவரே இந்நாட்டுக் காட்டில் மிகச் சிறிய தொலைவைக் கடக்கப் பல நாள் தடுமாறியதைத் தம் நூலில் எழுதியிருக்கிறார். அதற்குப் பின் வந்த அவசரகாலம், 1948 முதல் 1960 வரை, காட்டை அச்சத்துக்குரிய சொல்லாக்கிவிட்டது. தோட்டத்துக் குடியிருப்புகள் வேலிக்குள் அடைக்கப்பட்டன. பால் வெட்டுக்குப் போவோர் கையில் கொண்டுசெல்லும் உணவும் சோதிக்கப்பட்டது. 'காட்டுப் பக்கம் போகாதே' என்று இன்றும் பாட்டிமார் சொல்வதில் புலியும் பேயும் மட்டும் இல்லை. அந்த அச்சத்தின் வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து.

காட்டில் எதைப் பார்ப்பது, எப்படிக் குறித்து வைப்பது என்பதற்கு நாங்கள் வெளியே சென்று முறை தேடவில்லை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்நிலத்துக்குரிய விலங்கு, பறவை, மரம், உணவு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்கிறது. பிள்ளைகளின் நோட்டில் அப்படியே கட்டம் போட்டுக்கொள்கிறோம். முதல் வரியில் இடமும் நேரமும். அதன்கீழ் மரம், புள், விலங்கு, அங்கு வாழ்வோர் செய்யும் தொழில். இலக்கணத்தைப் பின்னாளில் வகுப்பில் படிக்கும்போது, தாம் அதனை முன்னமே காலால் நடந்து பார்த்திருப்பதை அவர்கள் உணர்வார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கியவர். நாங்கள் ஒரு நடையில் ஒன்பது செடிகள் போதும் என்கிறோம். ஒன்பதுக்கே மூச்சு வாங்குகிறது.

பெயரிடுவதில்தான் உண்மையான இடர். தொட்டாற்சிணுங்கி, மூங்கில், மருதாணி என்னும் அளவில் தமிழ்ப்பெயர் கிடைக்கிறது. கெருயிங், மெராந்தி, பெர்த்தாம், பெத்தாய் என்பவற்றுக்குத் தமிழில் வழக்குப் பெயர் இல்லை. அவை தமிழகத்தில் வளர்பவை அல்ல. அவற்றுக்கு நாமே வலிந்து பெயர் புனைவதை நாங்கள் விரும்பவில்லை. மலாய்ப்பெயரையே தமிழ் எழுத்தில் எழுதி, அருகே மரத்தின் தன்மையைப் பிள்ளைகளின் சொற்களில் எழுதச் சொல்கிறோம். 'பட்டையைக் கீறினால் பிசின் வடியும்', 'காய்க்கு இரண்டு சிறகு' என்று அவர்கள் எழுதுவது எந்தப் பெயரையும்விட மரத்தை நினைவில் நிறுத்துகிறது. இக்காட்டில் தலைமுறை தலைமுறையாய் வாழும் செமாய் மக்களுக்கு ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அவர்களுள் பெத்தாய் பறித்துச் சந்தைக்குக் கொணரும் பெரியவர் ஒருவர் எங்களோடு ஒரு காலை நடந்தார். படம் எதுவும் இல்லாமல், ஓடைகளின் பெயரை வரிசையாகச் சொல்லியே அவர் வழி காட்டினார். பிள்ளைகள் அவ்வோடைகளை அவர் சொன்ன வரிசையில் வரைந்தபோது அதுவே நாங்கள் பெற்ற மிகச் சிறந்த நிலப்படமாயிற்று.

படம் வரைவதில் அவசரமும் உண்டு. பீடோருக்கு அண்மையிலுள்ள பீக்காம் காப்புக்காடு 2013ஆம் ஆண்டில் காப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது நாட்டளவில் பேசப்பட்டது. கெருயிங் பாயா என்னும் அரிய சதுப்புநில மரம் அங்கே நின்றது; தீபகற்பத்திலிருந்தே அது மறைந்துவிட்டதோ என்று அறிஞர் அஞ்சினர். பின்னர்ப் பேராவின் வேறு இடத்திலும் சில மரங்கள் எஞ்சியிருப்பது தெரியவந்தது. எங்கே என்று குறித்து வைத்தவர் இருந்தால்தான், ஒன்று இல்லாமற் போனதை அறிய முடிகிறது.

கைப்பேசியில் வரைபடம் இருக்கும்போது இவையெல்லாம் எதற்கு என்று பெற்றோர் வினவுவது உண்டு. கைப்பேசிப் படத்தை நாங்களும் பயன்படுத்துகிறோம்; முன்னதாக வழியைப் பார்க்க அது மிக உதவுகிறது. ஆனால் அதில் நீலப்புள்ளி எப்போதும் நடுவில் நிற்கும்; உலகம் அதைச் சுற்றி நகரும். பியாசேயின் மூன்று மலைகளுக்கு முன் அமர்ந்த குழந்தையின் பார்வை அதுதான். தாளில் வரைந்த படமோ, 'நான் எங்கே இருக்கிறேன்' என்பதை நம்மையே கண்டுபிடிக்கச் சொல்கிறது.

தொடங்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். அடிவார ஊர்களில் பிற்பகல் மழை வழக்கம்; பதினொரு மணிக்குள் திரும்பிவிடுங்கள். இடி கேட்டால் ஆற்றையும் தனி மரத்தையும் விட்டு விலகுங்கள். மலையில் பெய்த மழை, இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே ஆற்றில் நீரை ஏற்றிவிடும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினால் உடனே கரையேற வேண்டும். அட்டைக்குப் பயந்து வராமலிருக்க வேண்டாம். நீண்ட காலுறையும் சிறிது உப்பும் போதும். ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் இலையுதிர்க்கும். அப்போது தோப்பு வெளிச்சமாக இருக்கும், நிரைகளும் தெளிவாகத் தெரியும். முதல் நடைக்கு அதுவே ஏற்ற பருவம். பாட்டன் பாட்டியரை உடன் அழையுங்கள். எங்கள் நடை ஒன்றில் முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளியான ஒரு பாட்டி, பழைய மரமொன்றின் பட்டையைத் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் எத்தனை முறை வெட்டப்பட்டது என்று பேரனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் எங்கள் பாடம் நின்றுபோயிற்று.

தொடக்கத்தில் கூறிய மாணவி இப்போது ஆறாம் ஆண்டில் இருக்கிறாள். சென்ற தவணையில் அவள் தன் ஊருக்கு வரைந்த படத்தில் வழக்கம்போல் வடக்கு மேலே இல்லை. கிழக்கை மேலே வைத்து மலையை அங்கே வரைந்திருந்தாள். ஆறு தாளின் மேலிருந்து கீழே இறங்கிற்று. திசைக்குறியை மட்டும் மறவாமல், சரியாக, பக்கவாட்டில் திருப்பிப் போட்டிருந்தாள்.